ஆப் போட்டா காசு கொட்டுமா?

இன்பாக்ஸ்ல நிறைய தம்பிங்க கேக்குறீங்க, அதான் பொதுவாவே போட்டுடறேன். நாம செஞ்ச ஆப்ப பிளே ஸ்டோர்ல போடுற அக்கவுண்டுக்கு ஒரே தடவை 25 டாலர், ஆப்பிள்ல வருஷா வருஷம் 99, அதனால இப்போதைக்கு ஆண்ட்ராய்டு போதும். ஆப்புக்குள்ள ஆட்மாப் (கூகுளோட விளம்பர சேவை) விளம்பரம் வச்சா 100 டாலர் சேர்ந்தாதான் பேங்குக்கு வரும், கீழ ஒட்டிக்கிட்டு நிக்கிற பேனர்ல சில்லறைதான், கேம்ல "வீடியோ பாத்தா இன்னொரு லைஃப்"னு வருமே, அதுலதான் கொஞ்சம் துட்டு பாக்கலாம். நம்ம விளம்பரத்த நாமளே தட்டுறது, ஃபேமிலி குரூப்ல சொல்லி சித்தப்பாவ தட்ட வைக்கிறதெல்லாம் வேணாம்பா, அக்கவுண்டே போயிடும். என்னைக் கேட்டா தினமும் தொறக்கிற மாதிரி காலண்டரோ வரவு செலவு நோட்டோ பண்ணி, விளம்பரம் வேணாம்ங்கிறவங்களுக்கு மாச சந்தா வைங்க, கூகுள் அதுல 15 சதவீதம் எடுத்துக்கும், மிச்சம் உங்களுக்கு.