ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்

செங்காங்கில் வீடு, ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை. சிங்கப்பூரில் அதெல்லாம் ஒரு தூரமா என்று கேட்பவர்கள் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்காது. சாயங்காலம் ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி, நின்றபடியே வந்து, பாலர் பள்ளி மூடுவதற்குள் மூச்சிரைக்க ஓடி முடிக்கும்போது, பையனோடு பேசக்கூடத் தெம்பு இருக்காது. அடுத்த ஆண்டு மகளுக்குத் தொடக்கநிலை ஒன்றுக்குப் பதிவு செய்ய வேண்டும். மாமியாரும் மன்னார்குடியிலிருந்து வந்து எங்களோடு சில மாதம் இருப்பதாக ஏற்பாடு. சரி, இப்போதைய வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிகிற சமயம்தானே, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு பார்ப்போம் என்று ஆரம்பித்தோம்.

“நகர மையத்திலா? பிள்ளைகளை வைத்துக்கொண்டா?” என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். ஷென்டன் வே பக்கம் குடும்பம் நடத்துபவர்களே இல்லை என்பது போல ஒரு நினைப்பு.

முதலில் பார்த்தவை கொண்டோக்கள்தான், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகள். கண்ணாடிக் கட்டடம், நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம், கீழே வாசலில் கோட்டு போட்ட காவலர். விளம்பரத்தில் ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்று போட்டிருப்பார்கள். இருபத்துச் சொச்சம் மாடியில் ஒரு வீட்டில் என் பையன் நேரே சன்னலுக்கு ஓடினான். அவன் நெஞ்சு உயரத்தில் ஒரு கைப்பிடி. திருகினால் கண்ணாடி வெளிப்பக்கமாகத் திறக்கிறது. கம்பி கிடையாது. கம்பி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டோம். வெளித்தோற்றம் கெடும் என்று கட்டட நிர்வாகம் சாதாரணக் கம்பிக்கு ஒத்துக்கொள்ளாதாம். ‘கண்ணுக்குத் தெரியாத கம்பி’ என்று மெல்லிய எஃகு இழைகளை இழுத்துக் கட்டுவார்களே, அது போடலாமாம். ஆனால் அதற்குச் சன்னல் சட்டத்தில் துளை போட வேண்டும், துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டாராம். அப்படியானால் பிள்ளை விழாமல் இருக்க என்ன வழி? “சன்னலைப் பூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், ஏர்கான் இருக்கிறதே” என்றார் ஏஜெண்ட்.

அப்புறம் சமையல் விவகாரம். ஏறக்குறைய எல்லா ஏஜெண்டும் தொலைபேசியில் கேட்கிற இரண்டாவது கேள்வி: “லைட் குக்கிங் மட்டும்தானே சிஸ்டர்?” அதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கும் நம்மவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர் வெளிப்படையாகவே, வீட்டுக்காரருக்கு எண்ணெய், மசாலா வாசனை ஆகாது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார். கோபம்தான் வந்தது. அத்தையிடம் சொன்னபோது, “தாளிக்காம என்னத்தடி கொழம்பு?” என்று கேட்டுவிட்டு அத்தோடு விட்டுவிட்டார். எனக்கு அப்படி விட முடியவில்லை. நேரடியாக ‘இந்தியர்களுக்குக் கிடையாது’ என்று போடுகிற விளம்பரம் இப்போது குறைந்திருக்கலாம். அந்தக் கதவை அடைக்க அடுப்பை நடுவில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு கொண்டோவில் நாங்கள் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் மின்தூக்கியில் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர்களே அதிகம். தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதத்துக்கு வாடகைக்கு விடலாம் என்பது விதி. வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அரசாங்க வீடு என்றால் குறைந்தது 6 மாதம். காகிதத்தில் சின்ன வித்தியாசம். ஆனால் வணிக வட்டாரத்துக் கொண்டோவில் ஒப்பந்த வேலைக்கு வந்து போகிறவர்கள் நிறைய. இன்று எதிர்வீட்டில் பார்த்துச் சிரித்தவர் பள்ளி விடுமுறை முடிவதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பார். பையனுக்குச் சுரம் என்றால் பத்து நிமிடம் மகளை யாரிடம் விடுவது? இந்தக் கேள்விக்கு நீச்சல்குளம் பதில் சொல்லாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏஜெண்ட் யாரும் இல்லாமல், நாங்கள் நாலு பேரும் அத்தையும் வட்டாரத்தைச் சும்மா நடந்து பார்க்கப் போனோம். ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து ஆரம்பித்தோம். வார நாளில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசை கட்டுகிற கடைகளில் பாதிக்கு மேல் இழுத்து மூடியிருந்தன. ஆமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையத்தில் ஒன்றிரண்டு கடைகளே திறந்திருந்தன. மற்ற நாட்களில் அங்கே உட்கார இடம் கிடைக்காது, டிஷ்யூ பொட்டலம் வைத்து மேசை பிடிப்பார்கள். மருந்தகத்தில் ‘திங்கள் முதல் வெள்ளி வரை’ அட்டை. அலுவலகம் போகிறவர்களுக்காக நடக்கிற வட்டாரம் அலுவலகம் இல்லாத நாளில் இப்படித்தான் இருக்கும். சனி, ஞாயிறு முழுக்கப் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கப்போகிறவர்கள் இதைப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

அப்படியே தஞ்சோங் பகார் பக்கம் திரும்பினோம். சிங்கப்பூரிலேயே மிக உயரமான கட்டடமான குவோக்கோ டவரைத் தாண்டி கொஞ்ச தூரம் போனால் காட்சி மாறிவிடுகிறது. தஞ்சோங் பகார் பிளாசா. பழைய வீவக புளோக்குகள், கீழே ஈரச்சந்தை, மேலே உணவங்காடி. ஞாயிற்றுக்கிழமையும் கலகலவென்று இருந்தது. சக்கர வண்டியில் காய்கறி இழுத்துப் போகும் பாட்டிகள், பேரனுக்கு முட்டைக்கூடையைப் பிடிக்கச் சொல்லித்தரும் ஒரு தாத்தா. அத்தை மீன்கடை முன்னால் நின்று ஒரு கொடுவாயின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார். கடைக்காரர் சீனத்தில் ஏதோ சொன்னார், அத்தை தமிழில் விலை கேட்டார், வியாபாரம் முடிந்தது. அன்று எங்களுக்கு அங்கே வீடுகூட இல்லை. மீனை செங்காங் வரை தூக்கிக்கொண்டு போனோம்.

பக்கத்தில் காண்டோன்மென்ட் சாலையில் பினக்கல்@டக்ஸ்டன். 2009இல் கட்டி முடித்தது. 7 புளோக், 50 மாடி, 1,848 வீடு, எல்லாமே நான்கறை, ஐந்தறை (இங்கே கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள்). 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் புளோக்குகளைப் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். 50ஆம் மாடிக்கு வெளியாட்களும் கட்டணம் கட்டிப் போகலாம். 26ஆம் மாடி குடியிருப்பவர்களுக்கு மட்டும். நகரத்தின் நட்டநடுவில், வங்கிக் கோபுரங்களுக்கு எதிரே, அரசாங்க வீடு. எனக்கு இந்த ஊரில் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. மறுவிற்பனையில் இங்கே வீடுகள் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டிப் போகின்றன என்பது பிடிக்காத விஷயம். வாடகையும் எங்கள் கைக்கு எட்டவில்லை. எவர்ட்டன் பார்க், ஸ்பாட்டிஸ்வுட் பார்க் புளோக்குகளையும் பார்த்தோம். அமைதியான இடங்கள், ஆனால் நாங்கள் தேடிய நேரத்தில் மூன்றறை வீடுதான் இருந்தது.

கடைசியில் தஞ்சோங் பகார் பிளாசாவிலேயே ஒரு நான்கறை கிடைத்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தேடுகிறவர்களுக்கு உதவும். குடியுரிமை இல்லாதவர்களுக்கு, மலேசியர்கள் நீங்கலாக, முழு வீவக வீட்டையும் வாடகைக்கு விடுவதற்கு ஒரு வரம்பு உண்டு: ஒரு புளோக்கில் 11 விழுக்காடு, அக்கம்பக்கத்தில் 8 விழுக்காடு. நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் விரும்பினாலும் உங்களுக்குத் தர முடியாது. நிரந்தரவாசிகளான எங்களுக்கும் அதே கதைதான். வீடு பிடித்து, முன்பணம் பேசி, அதற்குப் பிறகு இது தெரியவந்தால் வயிற்றெரிச்சல். முதல் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் வீவகவிடம் அனுமதி வாங்கினாரா என்பதையும் சேர்த்து.

வீடு புதுசு இல்லை. குளியலறை ஓடுகள் இளஞ்சிவப்பு, யார் தேர்ந்தெடுத்தார்களோ. குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது, மூடியைச் சரியாகச் சாத்தாவிட்டால் கரப்பான்கள் எட்டிப்பார்க்கும். ஆனால் எல்லாச் சன்னலிலும் பழைய பாணி இரும்புக் கம்பி. துணி காயவைக்க சமையலறைச் சன்னலுக்கு வெளியே கழி செருகும் குழாய்கள். வீட்டுக்காரம்மா எழுபதைத் தாண்டியவர், சாவி கொடுக்க அவரே வந்தார். சமையலைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, எரிவாயு இணைப்பு வேண்டுமா, சிலிண்டரா என்பதுதான். முன்பு தேடி அலைந்த கொண்டோக்களைவிட மாதத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் மிச்சம்.

பள்ளிக்குக் காண்டோன்மென்ட் தொடக்கப்பள்ளி நடக்கிற தூரம்தான். பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்றாலும், இடம் போதாவிட்டால் குடியுரிமையாளர்களுக்குப் பிறகே எங்களைப் போன்றவர்களுக்கு வரிசை. அது எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தாய்மொழி வகுப்பில் தமிழ் சொல்லித்தருகிறார்களா என்றும் கேளுங்கள். எல்லாப் பள்ளியிலும் கிடையாது.

அத்தைக்குக் கவலையே இல்லை. கியோங் சைக் சாலையில் லயன் சித்தி விநாயகர் கோவில், சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இலிருந்து இருக்கும் மாரியம்மன் கோவில், இரண்டுக்கும் நடந்தே போய்விடுகிறார். முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு வேண்டுமென்றால் ஊட்ரம் பார்க்கிலிருந்து நாலு நிறுத்தத்தில் லிட்டில் இந்தியா. கறிவேப்பிலைக்கு அதுகூட வேண்டாம்: கீழ்மாடியில் ஒரு மலாய்க் குடும்பம் தாழ்வாரத் தொட்டியில் வளர்க்கிறார்கள், வேண்டும்போது கிள்ளிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. விடியுமுன்னே சந்தைக்குச் சரக்கு இறக்கும் லாரிகள் பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தும். முதல் சில வாரம் பையன் அதோடு எழுந்துவிட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி தஞ்சோங் பகார் சாலையில் குடித்துவிட்டுப் போகிறவர்களின் பாட்டு கேட்கும். அந்தச் சாலையில் வரிசையாகக் கொரிய உணவகங்கள், இறைச்சி சுடும் புகை காற்று திரும்பினால் எங்கள் கூடத்துக்கே வந்துவிடும். யாருக்கும் லைட் குக்கிங் நிபந்தனை போட்டதாகத் தெரியவில்லை.

பையனுக்குத்தான் இன்னும் பாலர் பள்ளி அமையவில்லை. நகர மையத்தில் இருக்கிறவற்றில் பல அலுவலகக் கட்டடங்களுக்குள் நடப்பவை, கட்டணம் மலைக்க வைக்கிறது. புளோக்குக்கு அடியில் இருப்பதில் காத்திருப்போர் பட்டியல். அதுவரை அத்தை பார்த்துக்கொள்கிறார். அவர் விசா முடிவதற்குள் இடம் கிடைக்க வேண்டும். இந்தப் பக்கம் பாலர் பள்ளியில் இடம் காலியாக இருப்பது யாருக்காவது தெரிந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.