மாட்டுக் கொட்டாய்ல எட்டு ரூம்

போன ஞாயித்துக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன், ஒரகடத்துக்கு அந்தாண்ட, வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போற ரோட்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. போரூர்ல இருந்து பைக்ல ஒரு மணி நேரம்னு சொல்லிக்கலாம், ஆனா ஷிப்ட் விடுற நேரத்துல கம்பெனி பஸ்ஸுக்கு நடுவுல சிக்குனா கணக்கே கெடையாது, நான் சிக்குனேன்.

சின்ன வயசுல லீவுக்குப் போனா நாங்க கெடையா கெடந்தது வீட்டுக்குப் பின்னாடி இருந்த மாட்டுக் கொட்டாய்ல தான். இப்ப அது எட்டு ரூம். ஹாலோ பிளாக் வச்சு கட்டி மேல ஷீட் போட்டு, கதவுக்குக் கதவு பெயின்ட்ல நம்பர் எழுதி, ஒரே செவுத்துல வரிசையா எட்டு சப் மீட்டர். மாசக் கடைசியில பெரியப்பா ஒரு பழைய ஸ்கூல் நோட்ட எடுத்துட்டு வந்து, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு ரீடிங் எழுதுறாரு. அதே நோட்டுல முன்னாடி பக்கம் பூரா நடவு கூலி, யூரியா, நெல்லு மூட்டை கணக்கு. கழனித்தண்ணி தொட்டிய மட்டும் இடிக்காம விட்டு வச்சிருக்காரு, வாடகைக்கு இருக்குற, கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா பசங்க அதுல யூனிஃபார்ம் ஊற வைக்கிறாங்க.

ரூமுக்கு நாலு பேரு, 32 பேரு. வீட்டு மனுசங்கன்னு பாத்தா பெரியப்பா, பெரியம்மா ரெண்டே பேரு. அண்ணனும் அக்காவும் எப்பவோ சிட்டிக்கு வந்தாச்சு.

2001ல காஞ்சிபுரம் மாவட்டத்துல கிட்டத்தட்ட 28.8 லட்சம் பேரு, 2011ல 40 லட்சம். பத்து வருசத்துல 39 சதவீதம், தமிழ்நாடு மொத்தத்துக்கும் 15.6 தான். (அது 2019ல செங்கல்பட்டு பிரியிறதுக்கு முந்தின பழைய மாவட்டம், தாம்பரம், ஓஎம்ஆர் எல்லாம் அதுக்குள்ள தான், அதனால எல்லாத்தையும் சிப்காட், அதான் சர்க்கார் தொழிற்பேட்டை, தலையில கட்ட முடியாது.) இது புள்ள பொறந்து மட்டும் ஏறுன கணக்கு இல்ல, நம்மூர்ல ஒரு பொம்பளைக்கு சராசரி ரெண்டு கொழந்தை கூட இல்ல. பெரும்பாலும் பொட்டியோட வந்து எறங்குன ஜனம். 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் சான்ட்ரோ ஓட ஆரம்பிச்சதுல இருந்து வந்துக்கிட்டே இருக்காங்க. 2024ல வல்லம் வடகால்ல பொண்ணுங்களுக்கு மட்டும் 18,720 பேர் தங்குற ஹாஸ்டலே தெறந்தாங்க, அது எங்க ஊரு மாதிரி எத்தன ஊருன்னு யோசிச்சுப் பாருங்க.

காசு வருது, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். கழனியில மூணு வருசம் பாடுபட்டாலும் வராதது வாடகையில வருது. ஆனா பெரியப்பாவுக்கு அப்பப்ப வயித்துல புளி கரைக்கும். ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா செல்போன் கம்பெனி 2006ல வந்து 2014ல மூடிட்டுப் போனத அவரு மறக்கல. "மழை பொய்ச்சா அடுத்த பட்டத்துக்குப் பாத்துக்கலாம்டா, இவனுங்க போயிட்டா அந்த ரூம்ல நான் என்னத்த நடுறது?"

தண்ணி தான் பெரிய ரோதனை. ஊருக்கு இருக்குறது அந்த ஒரே மேல்நிலைத் தொட்டி, நான் அரை டவுசர் போட்டுத் திரிஞ்சப்ப கட்டுனது. சாயங்காலம் அரை மணி நேரம் விடுவாங்க, மூணாம் நம்பர் ரூம் பையன் பெயின்ட் பக்கெட்டோட நிக்கிறான், பெரியம்மா அவன் முன்னாடி கொடத்த நுழைக்கிறாங்க, அவன் சிரிச்சுக்கிட்டே நகந்துக்குறான். குடிக்க எல்லாருக்குமே கேன் தான். ஊராட்சிக்கு வர்ற நிதியில தலைக்கணக்கு பாத்து வர்றது பெரிய பங்கு, அந்தத் தலைக்கணக்கு இன்னும் 2011லயே நிக்குது. 2021ல எடுக்க வேண்டிய சென்சஸ் எடுக்கவே இல்ல, 2027க்குத் தான். அதுவரைக்கும் நோட்டுல இருக்குற இந்த 32 பேரும் சர்க்காருக்கு ஊர்லயே இல்லாதவங்க. தண்ணி குடிக்கிறாங்க, கரண்டு எரிக்கிறாங்க, கணக்குல மட்டும் இல்ல.

இத எல்லாம் பெரியப்பாகிட்ட வெளக்கமா சொன்னேன். சென்சஸ் எடுக்க வர்றப்ப ஒருத்தர் விடாம சொல்லுங்க பெரியப்பா, அப்பத்தான் ரெண்டாவது தொட்டிக்கு வழி பொறக்கும்னேன். மனுசன் கொஞ்ச நேரம் மீட்டர் செவுத்தையே பாத்துட்டு, குரல எறக்கி கேட்டாரு:

"ஏன்டா, வீட்டு வரியில அது இன்னும் மாட்டுக் கொட்டாய்னு தான இருக்கு, 32 பேருன்னு சொன்னா ஏத்திட மாட்டானுங்களா?"