லீனா யார்?

"ஷீட் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். லினன் என்று கேளுங்கள், மரியாதையாகவும் இருக்கும்" என்றேன். ஓட்டலில் படுக்கை விரிப்புக்கு இரண்டு பெயரும் உண்டு. என் ஆங்கில வகுப்பு மாணவி கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்ததா? இரண்டு வருடமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு டாலஸில் ஒரு ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை. என் மாலை வகுப்பில் எல்லாருமே ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். இவர் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துக்காரர். அந்தப் பக்கம் பலர் தங்கள் ஊர்ப் பெயரையே ஷிவாவா என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் மற்றவர்கள் 'ஷீட்' என்பதை 'சீட்டிங்'கில் வருகிற 'சீட்' ஆக்கித் தப்பித்துவிடுவார்கள். இவருக்கு 'ஷ' சுத்தமாக வந்ததுதான் வினை. நான்காம் மாடியிலிருந்து வாக்கி டாக்கியில் இரண்டு ஷீட் கேட்டிருக்கிறார். கீழே லாண்டரியில் அது 'ஷிட்' என்று விழுந்திருக்கிறது. மறுபடி சொல்லச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

ஓட்டல் லாண்டரியில் ஒருவர் இரண்டு வேறு என்னத்தைக் கேட்பார்? புரியாமல் சிரிக்கவில்லை அவர்கள். அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"அப்போ அந்தச் சொல் எனக்கு வராதா, டீச்சர்?" என்று கேட்டார்.

"வரும், அப்புறம் பார்க்கலாம்."

என் கணக்கு இதுதான். ஸ்பானிஷில் உயிரொலி ஐந்தே ஐந்து, குறில் நெடில் பேதம் கிடையாது. நமக்கு ஷி, ஷீ என்றால் ஒரு சுழி வித்தியாசம், அரிச்சுவடியிலேயே முடிந்துவிடுகிற சமாசாரம். அவருக்கு அதைப் பழக்க மாதக்கணக்கில் ஆகும், அவரோ காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு மாற்றுச் சொல் கொடுப்பதில் என்ன தப்பு? இன்னொருவருக்கு 'பீச்' சிக்கலாக இருந்தபோது 'ஓஷன்' என்று சொல்லச் சொன்னேன், இன்றுவரை சௌகரியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் வந்தார். 'லீனென்' என்று கேட்டாராம். "லீனாவா? அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லையே" என்று பதில் வந்ததாம்.

அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் நீளம் மட்டும் வித்தியாசமில்லை. 'ஷிட்'டில் நாக்கு கொஞ்சம் தளர்ந்து, இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே எங்கேயோ நிற்கும். அந்தத் தளர்ந்த ஒலிதான் ஸ்பானிஷில் இல்லை. 'லினன்' என்ற சொல்லிலோ முதல் அசையிலேயே அது வருகிறது! 'ஷீட்'டின் ஒலி அவர் வாயில் ஏற்கெனவே இருந்தது. 'ஆமாம்' என்பதற்கு ஸ்பானிஷில் 'ஸீ' என்கிறார்களே, கிட்டத்தட்ட அதே ஈ. கொஞ்சம் இழுத்துச் சொன்னால் போதும். இருந்ததை விடச்சொல்லி, இல்லாததைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். குறில் நெடில் தெரிந்த தமிழ்க்காரி என்ற மிதப்பு என்னைக் கவிழ்த்துவிட்டது.

அது மட்டும்தானா என்றும் தெரியவில்லை. இவர்கள் 'எஸ்கூல்' என்னும்போது எனக்கு ஒரு தனி வாஞ்சை வரும், நான் 'இஸ்கூல்' என்று சொல்லி வளர்ந்தவள். கல்லூரியில் அதற்கு ஒரு முறை சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் பேசும்போதெல்லாம் 'சின்ன வயதில்' என்றே ஆரம்பிப்பேன், பள்ளிக்கூடம் என்ற பேச்சே வராதபடி. ஆக, அந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது பாடமா, என் பழைய பதுங்கலா? பதுங்கினதால் எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அவரைத் தனியாக உட்காரவைத்து, "ஸீ சொல்லுங்கள், அதே ஈயை இழுத்து ஷீட் சொல்லுங்கள்" என்றேன். முதல் தடவையே சரியாக வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

"நாளைக்கு வாக்கி டாக்கியில் கேட்டுப் பாருங்கள்."

"இப்போதெல்லாம் நான் கேட்பதே இல்லை, டீச்சர். நானே கீழே இறங்கிப் போய் எடுத்து வந்துவிடுகிறேன்."

நான்கு மாடி. லிஃப்ட் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.