இடப்பக்கம் திரும்பத் தெரியாத மொடல்: தையல் தெரிந்தவர்கள் பார்க்கும் ‘ஸூலாண்டர்’

‘ஸூலாண்டர்’ என்ற ஹொலிவூட் பகிடிப் படம் பற்றிக் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். “விசர்ப் படம், இருபது நிமிஷத்துக்கு மேலே இருக்கேலாது” என்பது ஒன்று. “விசர்ப் படம், எத்தனை தரமும் பார்க்கலாம்” என்பது மற்றது. விசர் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. திருகோணமலையில் மூன்றாவது கூட்டம் ஒன்றும் இருக்கிறது: கார்மென்ட்ஸில் மெஷினுக்கு முன்னால் இருந்துவிட்டு ஊர் திரும்பிய அக்காமார், மத்திய வீதிப் பக்கம் தையல்கடை நடத்துபவர்கள், கலியாண அல்பம் எடுக்கிற ஸ்டூடியோக்காரர். இந்தப் பதிவு அவர்கள் பக்கம் நின்று எழுதுவது. படத்தில் எந்தக் காட்சி மிக மோசமான கோமாளித்தனமாகத் தெரிகிறதோ, அதுதான் உடுப்புத் தொழிலுக்கு மிகக் கிட்ட நிற்கிறது. எங்கே புத்திசாலியாகப் பேச முயல்கிறதோ, அங்கே சறுக்குகிறது.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2001 செப்டெம்பர் 28 அன்று அமெரிக்காவில் வெளியானது. இயக்கியதும் நாயகனாக நடித்ததும் பென் ஸ்டில்லர். டெரெக் ஸூலாண்டர் என்ற ஆண் மொடல் அழகன், அடிமுட்டாள். போட்டி மொடல் ஹன்சலாக ஓவன் வில்சன், வில்லன் வடிவமைப்பாளர் முகாட்டுவாக வில் ஃபெரல். மலேசியப் பிரதமர் சிறுவர் உழைப்பை நிறுத்தப் போகிறார், அதனால் மலிவு உடுப்பு இல்லாமற் போய்விடும் என்று டெரெக்கை மூளைச்சலவை செய்து பிரதமரைக் கொல்ல அனுப்புகிறார்கள். பாட்டு ஒன்று ஒலித்தால் அவன் கொலைகாரனாகிவிடுவான். இவ்வளவுதான் கதை. இந்தப் பாத்திரம் முதலில் 1996இல் விஎச்1 தொலைக்காட்சியின் பஷன் விருது விழாவுக்காக எடுத்த சின்னக் குறும்படத்தில் வந்தது. குறும்படத்தை நீட்டி எடுத்த படம் என்பதால் கதை தொங்குவதும் துணுக்குகள் நிற்பதும் அதிசயமில்லை.

முதலில் அந்த முகம். ‘புளூ ஸ்டீல்’, ‘ஃபெராரி’, ‘லே டிக்ரா’ என்று டெரெக் தன் பார்வைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறான். கடைசியில் முகாட்டு வெடித்துக் கத்துவது போல, எல்லாம் ஒரே முகம். பார்ப்பவர்கள் இதை மிகைப்படுத்தல் என்கிறார்கள். அல்பம் எடுப்பவரிடம் கேளுங்கள், ஒரு ஆளுக்கு ஒரு முகம்தான் கமராவில் சரிவரும் என்பார். அந்த முகத்தைச் செய்கிற விதம் இதுதான்: நாடியைக் கொஞ்சம் பதித்து முன்னுக்குத் தள்ள வேண்டும், கடைவாய்ப் பல்லுக்கு இடையே கன்னத்தின் உட்பக்கத்தை மெல்ல இழுக்க வேண்டும், உதடு குவிய வேண்டும், ஆனால் இறுகக் கூடாது, கீழ் இமையை மட்டும் சற்றுச் சுருக்க வேண்டும். கன்னத்தைக் கூட இழுத்தால் முகம் சூடை மீன் மாதிரி ஆகிவிடும். மேல் இமையையும் சேர்த்துச் சுருக்கினால் வெயிலில் நிற்கிற ஆள். அதற்கு மேலே வெளிச்சம். கன்ன எலும்புக்குக் கீழே நிழல் விழுந்தால்தான் இந்த முகத்துக்கு வேலை. விளக்கு முகத்துக்கு நேரே இருந்தால் நிழல் அழிந்து தட்டையாகிவிடும்; பக்கவாட்டில் 45 பாகையில், தலைக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். மணமகன்மார் ஃபோன் ஃப்ளாஷில் புளூ ஸ்டீல் செய்துவிட்டு “என்ன அண்ணை, பல்லுக்குத்து வந்தவன் மாதிரி இருக்கு” என்று கேட்பதன் காரணம் இதுதான்.

அடுத்தது, டெரெக்குக்கு இடப்பக்கம் திரும்பத் தெரியாது என்ற பகிடி. இடப்பக்கம் போக வேண்டுமென்றால் வலப்பக்கமாக முக்கால் வட்டம் சுற்றி வருவான். சின்னப்பிள்ளைத்தனம் என்று பலர் எரிச்சற்படுகிற இடம் இது. பாடசாலை விழாவுக்கோ கலையகப் போட்டிக்கோ பிள்ளைகளை ரம்பில், அதாவது பஷன் மேடையில், நடக்கப் பழக்கியவர்கள் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார்கள், ஏனென்றால் இதற்கு உண்மையான காரணம் உண்டு. ரம்பின் முனையில் நிற்கும்போது இடக்கால் முன்னுக்கு இருந்தால், இரண்டு பாதத்தின் முன்பகுதியிலும் பாரத்தை வைத்து வலப்பக்கம் அரைவட்டம் திரும்பலாம். திரும்பி முடிய வலக்கால் தானாக முன்னுக்கு வந்து நிற்கும், இடக்காலால் நடையைத் தொடரலாம். அதே நிலையில் இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள், தொடை இரண்டும் பின்னிக்கொள்ளும். எந்நேரமும் இடக்காலில் வந்து நிற்கப் பழகியவனுக்கு இடப்பக்கம் மூடிய கதவுதான். பரிகாரம் சுலபம்: முனைக்கு வருவதற்கு முன் ஒரு அடியைக் குட்டையாக வைத்துக் காலை மாற்றிக்கொள்வது. வலக்காலில் நின்றால் இடப்பக்கம் திரும்பலாம். சேலையில் இன்னொரு சிக்கலும் சேரும். முன்கொசுவம் நிலத்தைத் தொட்டால் திரும்பும்போது குதி அதில் ஏறும், பிறகு இடுப்பில் செருகியது முழுக்க அவிழும். நடந்து திரும்புகிற சேலையை ஒரு அங்குலம் உயர்த்திக் கட்ட வேண்டும், அதுவும் போடப்போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு. வெறுங்காலில் கட்டிவிட்டுக் குதி உயர்ந்த செருப்பு போட்டால் கணுக்கால் தெரியும், அளவு முழுக்கப் பிழைக்கும்.

இனி படத்தின் மிகப் பெரிய கேலி: ‘டெரிலிக்ட்’. தெருவில் படுப்பவர்களின் கந்தலை உயர்தரப் பஷனாக்கி முகாட்டு நடத்தும் காட்சி. “இப்பிடியும் ஒருத்தன் செய்வானா” என்று கேட்கிறவர்களுக்கு: செய்தார்கள், படம் வருவதற்கு முன்பே. 2000 ஜனவரியில் பரிஸில் டியோர் நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஜோன் கலியானோ காட்டிய தொகுப்பு பரிஸின் வீடற்றவர்களைப் பார்த்துச் செய்ததுதான். கிழிந்த பட்டு, பத்திரிகைத் தாள் அச்சடித்த துணி, இடுப்பில் தொங்கும் வெறும் போத்தல். வீடற்றவர்களுக்காகக் குரல் கொடுப்பவர்கள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கேலி நிஜத்துக்குப் பின்னால் ஓடி வந்திருக்கிறது.

கந்தல் என்றதும் தையல்கடைக்காரர் கண் போவது ஜீன்ஸுக்கு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வருகிற வெள்ளைக்காரரின் முழங்கால் கிழிசலைப் பார்த்துவிட்டுப் பெடியங்கள் கடைக்கு வந்து “அண்ணை, இதே மாதிரி” என்று கேட்பது வழக்கம். கத்தரிக்கோலால் குத்தினால் வேலை கெட்டது. டெனிமில் காலின் நீளத்துக்குப் போகிற பாவு நூல் நீலம், குறுக்கே போகிற ஊடை நூல் வெள்ளை. முழங்காலில் குறுக்குவாட்டில் இரண்டு வெட்டு, இரண்டுக்கும் இடையே இரண்டு, மூன்று சென்ரிமீற்றர். பிறகு சாவணத்தால் நீல நூலை ஒவ்வொன்றாக உருவி எடுத்தால் வெள்ளை நூல் ஏணி மாதிரி நிற்கும். வெட்டின் இரு முனையிலும் நெருக்கித் தையல் போட்டு இறுக்காவிட்டால் இரண்டாம் கழுவலில் கிழிசல் பக்கத்தையலுக்கு ஓடிவிடும். உட்பக்கம் மெல்லிய துணி ஒன்றை வைத்துத் தைப்பது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் உடுத்தும்போது கால் பெருவிரல் வெள்ளை நூலில் மாட்டும். ஸ்ட்ரெச் ஜீன்ஸ் என்றால் பொறுப்பெடுக்க வேண்டாம். இழுபடும் நூல் ஊடையில்தான் இருக்கும், நீலத்தை உருவியதும் அது சுருண்டு தொங்கும்.

கடையில் செய்கிறபடியால் இதில் ஆபத்து இல்லை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போதுதான் கதை மாறுகிறது. ஜீன்ஸைப் பழசாகக் காட்ட மணல்தாளால் கையால் தேய்ப்பது, நுரைக்கல்லோடு கழுவுவது, பொட்டாசியம் பெர்மாங்கனேற் தெளித்துவிட்டுப் பிறகு அதை நடுநிலையாக்குவது என்று பல வழி உண்டு. ஒரு காலத்தில் எல்லாவற்றிலும் மலிவாக இருந்தது, அழுத்தக் காற்றில் மணலை அடித்துச் சாயத்தை உரிப்பது. அந்த மணல் தூளாகி நெஞ்சுக்குள் போனால் சிலிக்கோசிஸ். குணமாகாத நோய். துருக்கியில் இளம் தொழிலாளர்கள் அதனால் செத்த பிறகு 2009இல் அங்கே டெனிமுக்கு மணல் அடிப்பது தடைசெய்யப்பட்டது. அடுத்த வருஷம் லீவைஸும் எச் அண்ட் எம்மும் தாங்களும் நிறுத்துவதாக அறிவித்தன.

இப்போது படத்தில் வரும் நிலக்கரிச் சுரங்கக் காட்சியை நினையுங்கள். மொடலிங்கை விட்டு ஊருக்குப் போகிற டெரெக், தகப்பனோடு சுரங்கத்தில் ஒரு நாள் நின்றுவிட்டு இருமிக்கொண்டு, தனக்குக் கரி நெஞ்சு நோய் வந்துவிட்டது என்கிறான். ஒரு நாள்தானே, முப்பது வருஷம் கழித்து வந்து சொல்லு என்கிறார் தகப்பன். அரங்கமே சிரிக்கிற இடம். ஜீன்ஸுக்கு மணல் அடித்த பெடியங்களுக்கு முப்பது வருஷம் தேவைப்படவில்லை, சில வருஷம் போதுமாக இருந்தது. பஷன் உலகத்தின் நெஞ்சு நோய் எங்கே இருந்தது என்று படத்துக்குத் தெரியாமலே அது பக்கத்தில் போய் நின்றிருக்கிறது.

அரசியல் பகுதிக்கும் அதே நிலைமைதான். கை மொடலாக வரும் டேவிட் டுகோவ்னி, இருநூறு வருஷத்து அரசியல் கொலைகளுக்கெல்லாம் பஷன் தொழில்தான் காரணம் என்று விளக்குகிறார். லிங்கன் அடிமைமுறையை ஒழித்ததால் உடுப்புத் தைக்க ஆளில்லை. கென்னடி கியூபா மீது வர்த்தகத் தடை போட்டதால் களிசான் வரவில்லை. அபத்தத்தின் உச்சம் என்கிறார்கள். இலங்கையில் இருந்து பார்த்தால் கொலையை மட்டும் கழித்துவிட்டு மீதியை நம்பலாம். 1977இல் பொருளாதாரம் திறந்ததும் இங்கே தொழிற்சாலைகள் முளைத்ததற்குப் பெரிய காரணம், பணக்கார நாடுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் வைத்திருந்த ஆடைக் கோட்டா, அதாவது இவ்வளவு உடுப்புத்தான் வாங்குவோம் என்ற வரம்பு. தங்கள் கோட்டா முடிந்த கிழக்காசிய முதலாளிகள் இலங்கையின் கோட்டாவைத் தேடி வந்தார்கள். 1978இல் கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயம், 1992இல் பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம். 2005 ஜனவரி 1 அன்று கோட்டா முறை முடிந்தது. 2010 ஓகஸ்டில் மனித உரிமை உடன்படிக்கைகளைச் சாட்டி ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை நிறுத்தியது, 2017 மேயில் திருப்பிக் கொடுத்தது. எங்கோ ஒரு மேசையில் போடும் கையெழுத்து ஒரு களிசான் எங்கே தைக்கப்படும் என்று தீர்மானிப்பதில் எங்கள் ஆட்களுக்குச் சிரிக்க எதுவும் இல்லை.

சறுக்கல் என்றது மலேசியாவை. ஆசியாவில் ஒரு பெயர் வேண்டும், எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 2001இல் மலேசியாவின் முதன்மை ஏற்றுமதி மின்னணுப் பொருள், உடுப்பு அல்ல. அங்கே படத்தைத் தடைசெய்தார்கள், சிங்கப்பூரும் தடைசெய்தது. விமர்சகர் ரொஜர் ஈபர்ட் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்ததும் முக்கியமாக இந்தக் காரணத்துக்குத்தான்: இருக்கிற ஒரு நாட்டின் பிரதமரைக் கொல்வது பகிடிக்கான கதையா என்று கேட்டார். நியூயோர்க் தாக்குதல் நடந்து மூன்று கிழமைகூட ஆகாத நேரம். இரட்டைக் கோபுரங்களைப் படத்தில் இருந்து கணினியில் அழித்துவிட்டு வெளியிட்டிருந்தார்கள். அந்த எரிச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கார்மென்ட்ஸ் அக்காமாரின் குறை இன்னும் நேரடியானது: சிறுவர் உழைப்பு பற்றிய கதையில் தைக்கிற ஒருவர்கூடப் பாத்திரமாக இல்லை. மொடல் இருக்கிறான், ஏஜென்ட் இருக்கிறான், பத்திரிகைக்காரி இருக்கிறாள், கைக்கு மட்டும் மொடலாக ஒருத்தன் இருக்கிறான். ரீசேட் ஒன்றுக்குக் கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி, பிடிக்கிற ஆளைக் காணவில்லை. அந்த ரிப்பைக் கழுத்துச் சுற்றளவிலும் ஏறக்குறைய 15 வீதம் குறைத்து வெட்டி, இரண்டையும் நாலு பாகமாகக் குறித்து, குறிக்குக் குறி பொருத்தி, ரிப்பை மட்டும் சீராக இழுத்தபடி ஓவர்லொக் மெஷினில் ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் கூட இழுத்தால் கழுத்து திருகும், உடம்புத் துணியையும் சேர்த்து இழுத்தால் அலையடிக்கும், பிரித்துத் தைத்தால் அந்த மணித்தியால டார்கெட் போய்விடும். இதில் எவ்வளவு கொமடி இருக்கிறது என்று லைனில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஹொலிவூட்டுக்குத் தெரியவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்பு. படம் ஒன்றரை மணித்தியாலம்தான். பெற்றோல் நிலையத்தில் நண்பர்கள் பெற்றோல் அடித்து விளையாடும் காட்சி தொடக்கத்திலேயே வரும். அதற்குச் சிரிப்பு வரவில்லை என்றால் மிச்சத்துக்கும் வராது, நிறுத்திவிடலாம். எதுவும் தெரியாமல் எல்லாம் தெரிந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற வடிவேலு வகைக் கொமடி பிடிப்பவர்களுக்கு டெரெக்கைப் பிடிக்கும். சொல்லைத் தப்பாக உச்சரிக்கிற பகிடிகள் சப்டைட்டிலில் செத்துவிடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஹன்சலின் வீட்டுக் காட்சி வரும்போது ஹோலில் அம்மா இருந்தால் ரிமோட் கையில் இருக்கட்டும். பாடகர் டேவிட் போவி நடுவராக வரும் நடைப் போட்டியைத் தவறவிட வேண்டாம்.

2016இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பரிந்துரைக்கவில்லை. அதற்கு முதல் வருஷம் மார்ச்சில் பரிஸில் வலன்ரினோ என்ற பஷன் நிறுவனத்தின் மேடையில் ஸ்டில்லரும் வில்சனும் தங்கள் பாத்திரங்களாகவே நடந்தார்கள், படத்தில் அப்போது வோக் என்ற பஷன் இதழின் ஆசிரியராக இருந்த அன்னா வின்டூரே தலைகாட்டினார். கேலி செய்யப்பட வேண்டியவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு படத்துக்குள்ளேயே வந்து நின்றுவிட்டார்கள், பிறகு யாரைக் கிண்டல் பண்ணுவது? பெனடிக்ட் கம்பர்பாட்ச் நடித்த ‘ஓல்’ என்ற பாத்திரம் பால்நிலை வேறுபட்டவர்களைக் கொச்சைப்படுத்துகிறது என்று படம் வருவதற்கு முன்பே கண்டனம் கிளம்பியது, அது நியாயமான கண்டனம்தான். முதற்படத்தில் முட்டாளாக இருந்தது மொடல். இதில் முட்டாளாக்கப்படுவது பார்க்க வந்தவர்கள்.