துண்டு வெட்டிய பிறகு

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது சிகிச்சையில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம், அரசின் இலவச சுவசெரிய அம்பியூலன்ஸ் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டது. ஸ்கேன், மருந்து, வார்டு எதற்கும் யாரும் ஒரு சதம் கேட்கவில்லை. இலங்கையின் இலவச மருத்துவத்தை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிக்கல் தொடங்கியது, வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான்.

கையில் நோய் நிர்ணய அட்டையும் கிளினிக் கொப்பியும் இருந்தன. வலது கையும் காலும் இயங்காத ஒருவரை, லிஃப்ட் இல்லாத தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று இரண்டிலும் இல்லை. வார்டில் கேட்டபோது, அது தங்கள் வேலையில்லை என்றார்கள். உண்மைதான். வைத்தியசாலை சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. சக்கர நாற்காலியும் முதியோர் அடையாள அட்டையும் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே தபால்காரர் வேலை பார்ப்பது நோயாளியின் பிள்ளை.

இதைக்கூட எனக்குச் சொன்னது அரசாங்கம் அல்ல, கீழ்மாடி ராத்தா. அவருடைய கணவர் சிறுநீரக நோயாளி. "முதலில் கிராம அலுவலரிடம் போங்கள் தங்கச்சி, அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்" என்றார். அங்கே வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கடிதம் கிடைத்தது. அதைக் கொண்டு பிரதேச செயலகத்தில் சக்கர நாற்காலிக்கான விண்ணப்பப் படிவம் வாங்கினேன். படிவம் தமிழிலேயே இருந்தது.

படிவத்தின் ஒரு பக்கத்தை வைத்தியர் நிரப்பி, கையொப்பமிட்டு, ரப்பர் முத்திரை குத்த வேண்டும். அந்த வைத்தியர் அம்மாவின் கட்டிலருகே காலையும் மாலையும் வந்து நின்றவர். அப்போது அந்தப் பக்கம் எங்கள் கையில் இல்லை. இப்படி ஒன்று இருப்பதாகச் சொல்ல ஆளுமில்லை. இப்போது அதே கையொப்பத்துக்காகக் கிளினிக் நாள்வரை காத்திருந்து, இரண்டு பேர் அம்மாவைக் கதிரையோடு தூக்கி மூன்று மாடி இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, வரிசையில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. பாரிசவாதத்துக்குப் பிறகு உடல் மீள்வதற்கு முதல் மூன்று மாதங்களே மிக முக்கியமானவை என்று அதே கிளினிக்கின் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது அதைப் படித்தபோதுதான்.

ஒரு நல்ல விஷயமும் நடந்தது. சமூக சேவைகள் உத்தியோகத்தர் சிங்களப் பெண்மணி. என் சிங்களமும் அவருடைய தமிழும் ஒருவாறு சமாளித்துக்கொண்டன. நான் சக்கர நாற்காலி கேட்டேன். அவர் படிவத்தை மூடி வைத்துவிட்டு, குளியலறைக் கதவு எவ்வளவு அகலம், இரவில் அம்மாவை யார் எழுப்புகிறார்கள் என்று விசாரித்தார். கடைசியில், "உங்களுக்கு முதலில் தேவை கொமோட் கதிரை" என்றார். கட்டிலருகிலேயே மலசலம் கழிக்க உதவும் கதிரை அது. மூன்றாம் மாடியில் சக்கர நாற்காலி எங்கே உருளும்? வார்டில் இத்தனை பேர் அம்மாவைப் பார்த்தார்கள். வீட்டைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். இவருக்கு வார்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் போதும், பாதி அலைச்சல் இல்லை.

நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். 2020இல் ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபால்காரர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். வைத்தியசாலையும் தபால் திணைக்களமும் அன்று சேர்ந்து வேலை செய்யவில்லையா?

உங்கள் வீட்டில் யாராவது இப்போது வார்டில் இருந்தால், துண்டு வெட்டும்வரை காத்திருக்காமல் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் படிவத்தை வாங்கிவிடுங்கள். வைத்தியரின் பக்கத்தை வார்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபி மிஸ்ஸிடம் அனுமதி கேட்டு வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்குகளுக்கு இடைப்பட்ட நாட்களில் எங்களுக்கு உதவியது அதுதான். நோய் நிர்ணய அட்டையின் மூலப்பிரதியை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கொமோட் கதிரை வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. குறைந்த வருமானமுள்ள குடும்பம் என்பதால் அதற்கும் விண்ணப்பித்திருக்கிறோம். பணம் அம்மாவின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். வலது கை இயங்காததால் பழைய கையொப்பம் வராது. பெருவிரல் அடையாளத்தை ஏற்க வைத்தியரின் கடிதம் வேண்டும் என்கிறது வங்கி. அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டும்.