பாய்சியில் வீடு தேடும் தம்பி தங்கைகளுக்கு

வேலை கிடைத்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகரான பாய்சிக்கு வருகிறவர்கள் முன்பணம் அனுப்பும் முன் மாநிலச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே வாடகைக்கு உச்சவரம்பு விதிக்க நகராட்சிக்கு அதிகாரமே இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். இது எனக்கு ஆறாத கோபம். பாய்சியின் உணவகங்களிலும் பள்ளிகளிலும் உழைக்கிறவர்கள் மேற்கே உள்ள நாம்பா, கால்டுவெல் ஊர்களுக்குத் தள்ளிப்போய், தினமும் நெடுஞ்சாலை நெரிசலில் வருகிறார்கள்.

காலி செய்தபின் முன்பணத்தை 21 நாளில் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 30 நாள் வரை போகலாம். ஏதாவது பிடித்துக்கொண்டால் எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் தர வேண்டும். ஆகவே குடிபுகும் அன்றே சுவர், கார்ப்பெட், அடுப்பு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். கார்ப்பெட் கறை என்று எங்களிடம் பணம் பிடிக்கப் பார்த்தபோது அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன.

கோடையின் பிற்பகுதியில் காட்டுத்தீப் புகை இந்த ஊர் இருக்கும் பள்ளத்தாக்கில் வந்து தங்கிவிடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் ஜன்னல்கள் இறுக்கமாக மூடுகின்றனவா என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் இந்த ஊரை நேசிக்கிறேன். சட்டமன்றக் கட்டடத்தையே பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரால் சூடாக்கும் ஊர் இது! ஆற்றோரம் சுமார் 25 மைல் நீளும் கிரீன்பெல்ட் பாதைக்கு நடக்கும் தூரத்தில் வீடு கிடைத்தால், அறை சிறிதானாலும் அதையே எடுங்கள்.