ஆனையிறவும் இயக்கச்சிக் கிணறும்

யாழ் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஆனையிறவில் எங்கே தோண்டினாலும் உவர்த்தண்ணிதான். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, அதோடு ஒட்டி உப்பளம். அங்கே இருந்த இலங்கை ஆமியின் பெரிய படைத்தளத்துக்குக் குடிதண்ணி வடக்கே இயக்கச்சியில் இருந்துதான் போனது. 2000 ஏப்ரல் 22 அன்று அந்தத் தளம் விழுந்ததற்கு ஆட்லறியை விட இந்தத் தண்ணிதான் பெரிய காரணம் என்பது என் கணக்கு.

1991 யூலையில் இயக்கம் (விடுதலைப் புலிகள்) இதே முகாமை நேரே மோதிப் பார்த்தது. ஆகாய-கடல்-வெளிச் சமர் என்று பெயர். 'வெளி' என்பதுதான் அங்கே பிரச்சினையே. ஒரு பற்றைகூட மறைப்புக்கு இல்லாத வெட்டை. இரும்புத் தகடு போர்த்த புல்டோசரை முன்னால் விட்டு, அதன் பின்னால் ஆட்கள் போனார்கள். புல்டோசர் நின்றால் அதோடு மறைப்பும் போச்சு. இதற்கிடையில் ஆமி வெற்றிலைக்கேணியில் கடலால் தரையிறங்கி, சண்டை பிடித்துக்கொண்டே வந்து முகாமோடு சேர்ந்துகொண்டது. இயக்கத்துக்கு ஐந்நூறுக்கு மேல் இழப்பு.

இரண்டாம் முறை முகாமை விட்டுவிட்டு முகாமுக்குப் போகும் வழிகளைப் பிடித்தார்கள். 1999 டிசெம்பரில் முதலில் போனது வெற்றிலைக்கேணி. 1991இல் உதவி வந்த அதே கரை. பிறகு பரந்தன். 2000 மார்ச் 26 இரவு இயக்கத் தளபதி பால்ராஜ் தலைமையில் ஓர் அணி குடாரப்பில் கடலால் இறங்கி, நீரேரிச் சேற்றைக் கடந்து இத்தாவிலில் ஏ9 வீதியை மறித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து ஆனையிறவுக்குப் போகிற வீதி அதுதான். டாங்கிகளோடு ஆமி திரும்பத் திரும்ப அடித்தும் 34 நாள் அந்த மறிப்பை உடைக்க முடியவில்லை. கடைசியில் இயக்கச்சியும் போக, உள்ளே இருந்தவர்களுக்குத் தண்ணி இல்லை. சித்திரை வெயில். கிளாலிக் கரைப்பக்கம் பின்வாங்கியவர்களில் வெடிபட்டு விழுந்தவர்கள் மட்டுமல்ல, தாகத்தில் விழுந்தவர்களும் உண்டு.

இதற்கு முன்பு ஆமி நடத்திய 'ஜெயசிக்குறு' நடவடிக்கையும் வீதிக்கான சண்டைதான். 1997 மே 13இல் தொடங்கியது. வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு ஏ9ஐத் திறப்பது நோக்கம். மாங்குளத்துக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் வரும். வீதியைப் பிடித்தால் போதாது, இரண்டு பக்கமும் காடு. ஐம்பது கிலோமீட்டர் வீதிக்கு நூறு கிலோமீட்டர் காவலரண். முன்னேற முன்னேறக் காவலரணுக்கும் காவலரணுக்கும் இடையில் ஆள் குறையும். யூனில் தாண்டிக்குளத்தில் பின்பக்கம் அடி விழுந்தபோதே இது தெரிந்துவிட்டது. 1998 செப்ரெம்பர் கடைசியில் ஆமி மாங்குளத்தைப் பிடித்த அதே நாட்களில் கிளிநொச்சி இயக்கத்திடம் போனது. டிசெம்பரில் நடவடிக்கை நிறுத்தப்பட்டது. 1999 நவம்பர் 2இல் ஒட்டுசுட்டானில் தொடங்கிய இயக்கத்தின் 'ஓயாத அலைகள் 3' நடவடிக்கை, ஆமி ஒன்றரை வருடத்தில் பிடித்ததில் பெரும்பகுதியை ஒரு கிழமைக்குள் திருப்பி எடுத்தது.

2008இல் ஆமி அந்தப் பிழையைத் திரும்பச் செய்யவில்லை. வீதியால் வராமல் மன்னார்க் கரையால் வந்தது: யூலை 16 விடத்தல்தீவு, நவம்பர் 15 பூநகரி. வன்னியின் மேற்குக் கடல் அடைபட்டது. இயக்கத்துக்கு ஆயுதம் கொண்டுவந்த கப்பல்கள் பலவற்றை 2007இலேயே நேவி ஆழ்கடலில் அழித்திருந்தது.

இயக்கத்தின் பதில் மண் அணை. நாச்சிக்குடாவில் இருந்து அக்கராயன் பக்கம் நீண்டது. முன்னால் அகழி, அதில் வெட்டிய மண்ணை உள்பக்கம் கொட்டி அணை, அணையில் சுடுநிலைகள். மாரி பிடித்தால் அகழி நிறையும், டாங்கி இறங்கேலாது. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. அணை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆள் வேண்டும். பின்னால் இரண்டாவது வரிசைக்கு ஆள் இல்லாவிட்டால், ஓரிடத்தில் உடைந்தாலே மிச்சமெல்லாம் வெறும் மண்தான். 2009 ஜனவரி 2 கிளிநொச்சி போனது. 24ஆம் திகதி கல்மடுக்குளத்தின் கட்டை உடைத்து வெள்ளத்தை விட்டார்கள். அடுத்த நாளே முல்லைத்தீவு நகரம் ஆமியிடம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சமர் என்று எழுத எனக்கு மனம் வராது. பெப்ரவரியில் புதுமாத்தளன் தொடங்கி முள்ளிவாய்க்கால் வரையான கரையைப் 'பாதுகாப்பு வலயம்' என்றார்கள்; வெறும் 14 சதுர கிலோமீட்டர். ஷெல் அதற்குள்ளும் விழுந்தது, வெளியேற முயன்றவர்களை இயக்கம் சுட்டது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது.

கிளிநொச்சி மண்ணில் பங்கர் வெட்டுவது சுலபம். எல் வடிவில் கிடங்கு, மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண். கரையில் அது சரிவரவில்லை. வெட்ட வெட்டக் கடற்கரை மணல் சரியும். கொஞ்சம் ஆழம் போனால் தண்ணி ஊறும். ஆழம் போகேலாது, அதனால் மேலே எழுப்ப வேண்டும். உரப்பை முடிந்த பிறகு சனம் சாறிகளை வெட்டிப் பை தைத்தார்கள், கூறைச்சாறி உட்பட. மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கிடங்கைச் சுற்றி அடுக்கினார்கள்.